கொடி மேல போய்ச் சேர்ற வரைக்கும்

...இதுல மெழுகு வேற ஒட்டணுமாம் பாய். பல்லுக் கம்பிக்கு மேல சின்னதா உருட்டி வச்சு அழுத்திட்டு ஊதுங்கன்னு டாக்டரு சொல்றாரு. அவருக்கென்ன, அவரா டிரம்பெட் ஊதுறாரு? நீங்க தலைய ஆட்டாதீங்க, பஞ்சு நகந்துடும். அரை மணி நேரம் நல்லா கடிச்சுக்கிட்டு உக்காருங்கன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிட்டுப் போச்சுல்ல, வாயத் தொறக்கவே கூடாது. நான் பேசுறேன், நீங்க சும்மா கேட்டுக்கிட்டிருங்க. புடுங்குனது கடவாப் பல்லா? கையக் காட்டுனாப் போதும். மேலயா, கீழயா? கீழ... கீழ்ப் பல்லுன்னா வலி காது வரைக்கும் போவும். சாயங்காலம் தெரியும் பாருங்க.

என் பேரு அல்பேர். சர்ச் வீதியில எலெக்ட்ரிக் கடை வச்சிருக்கேன். ஆனா கடையக் கேட்டா எவனுக்கும் தெரியாது. டிரம்பெட் அல்பேர்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்ட்ல ஆட்டோக்காரன் வீட்டு வாசல்லயே எறக்கிவிட்டுருவான். இந்தா டிரம்பெட் பொட்டி, பக்கத்துலயேதான் இருக்கு. இங்கேருந்து நேரா ஒத்திகைக்குப் போவணும். உங்க பேரு சீட்டுல பாத்தேன், அப்துல் லத்தீப். நாகூரா? இங்கதானா. அப்ப நீங்க எங்க பேண்டு செட்டக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. கல்யாணம், சர்ச்சுத் தேரு, பெரிய சாவு... எல்லாத்துக்கும் நாங்கதான். மொத வரிசையில பல்லு தெரியாம நிக்கிற ஆளு நானு.

பல்லு தெரியாம ஏன் நிக்கிறேன்? இந்தா பாருங்க. ஈ... பாத்தீங்களா? மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை. அம்பது தாண்டுன ஆளு வாயில கம்பி. என் வீட்டுக்காரி தமிழரசி சொல்றா, வெளிய போனா சிரிக்காதீங்க, கொல்லைக்கு வேலி போட்ட மாதிரி இருக்கு, ஆடு மாடெல்லாம் திரும்பிப் போயிடும்னு. கட்டுன பொண்டாட்டி பேசுற பேச்சா இது?

டிரம்பெட்டுங்கறது நாயனம் மாதிரி இல்ல பாய். நாயனத்துல சீவாளின்னு ஒண்ணு இருக்கு. இதுல என் உதடுதான் சீவாளி. மௌத்பீஸ உதட்டுல வச்சு அழுத்தணும். மேல் சுரத்துக்குப் போவப் போவ இன்னும் அழுத்தணும். முன்ன உதட்டுக்குப் பின்னாடி பல்லு இருந்துச்சு, சரி, அது நம்ம பல்லு. இப்ப முன்னாடி பித்தள, பின்னாடி இரும்பு, நடுவுல என் உதடு. கரும்பு மிஷின்ல கரும்பு போற மாதிரி. மொத வாரம் ஊதிட்டு வீட்டுக்கு வந்து ரசம் குடிச்சேன் பாருங்க... ரசம்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதான் மெழுகு. டாக்டரு ஒரு குட்டி டப்பா குடுத்தாரு. சர்ச்சுத் தேரு அன்னிக்குப் பாத்து டப்பா காலி. தேரு கெளம்பியாச்சு, கொட்டு அடிச்சாச்சு. என்ன பண்றது, மாதா கெபியில, அதான் சிலை வச்ச குகையில, உருகிக் கெடந்த மெழுகுவத்தியக் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, பல்லுல அப்பிக்கிட்டேன். ரெண்டு வீதி நல்லாத்தான் போச்சு. மூணாவது வீதியில சூடு ஏற ஏற எளகி உள்ள போயிடுச்சு. கொஞ்சம் முழுங்கிட்டேன். இது பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா வேணாமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சாமியாருகிட்ட போயி, மாதா மெழுகத் தின்னுட்டேன் சாமின்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

மணியப் பாக்காதீங்க பாய், இன்னும் நேரம் இருக்கு. ஆட்டோ வெயிட்டிங்கா? நிக்கட்டும், அவனும் போனு பாத்துக்கிட்டுத்தான் இருப்பான்.

விழிதியூர்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு. நல்லா ஏத்தி ஊதிட்டு டிரம்பெட்ட எறக்குறேன், மேல் உதடு எறங்க மாட்டேங்குது. உள்ள கம்பிக் கொக்கியில மாட்டிக்கிச்சு. இழுத்தா உயிரு போவுது. அப்படியே ஈன்னு நிக்கிறேன். எதுத்தாப்புல மாப்பிள்ளை. பையனுக்குக் கொஞ்சம் தொப்பை, கோட்டு பட்டன் போடல. மாப்பிள்ளையோட அம்மா பங்கஜவல்லி, அந்தம்மா என்னையே பாக்குது. பாத்துட்டு கேட்டுச்சு, ஏன்யா, என் புள்ளையப் பாத்தா உனக்கு அவ்ளோ சிரிப்பா வருதான்னு. நான் என்னத்த சொல்றது? வாய மூட முடியாது, பேசவும் முடியாது. இல்லம்மான்னு தலைய ஆட்டுறேன், ஈன்னு இளிச்சுக்கிட்டே. பாருங்க பாருங்க, இன்னும் சிரிக்கிறான்னுது. எங்க பேண்டு மாஸ்டர் மாணிக்கவேல் ஓடியாந்து என் வாய்க்குள்ள வெரல விட்டு உதட்ட எடுத்துவிட்டாரு. வெத்தலப் பாக்கு வாங்குற நேரத்துல அந்தம்மா எனக்கு மட்டும் குடுக்கல. அது பரவால்ல. மாணிக்கவேல் வெரல்ல மூக்குப்பொடி.

சிரிக்காதீங்க, பஞ்சு... பஞ்சு.

ஏன் இந்த வயசுல கம்பின்னு நீங்க கேக்கணும். கேக்க முடியல, சரி, நானே சொல்றேன். மேல ரெண்டு முன்பல்லுக்கு நடுவுல எனக்குப் பொறவியிலேயே சந்து. தீக்குச்சியச் சொருகுனா நிக்கும். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரங்க தேசியத் திருநாளு, அன்னிக்கு எங்க சொல்தா சங்கத்துல கொடி ஏத்துவாங்க. பழைய பிரெஞ்சுப் பட்டாளத்து ஆளுங்க சங்கம். கொடி மேல போறப்ப பேண்டு வாசிக்காது, ஒத்த டிரம்பெட்டுதான். கடைசில ஒரு மேல் சுரம். அந்த சுரத்த, கொடி மேல போய்ச் சேர்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுதான் எங்க வழக்கம். வேற ஊருல எப்படியோ, நம்ம ஊருல அப்படி.

கயிறு இழுக்கறது யாரு? சிவநாதன். பழைய சொல்தா. மனுஷன் கொடி ஏத்துறாரா, கெணத்துல தண்ணி எறைக்கிறாரான்னு தெரியாது. ஒரு இழு இழுப்பாரு, நிறுத்துவாரு, அண்ணாந்து பாப்பாரு. மறுபடி ஒரு இழு. எனக்கு மூச்சு முட்டும். பாதிக் கம்பத்துல கொடி, இங்க சுரம் ஒடஞ்சுடும். ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி... ம்மே... ன்னு. உடனே கொட்டுக்காரன் உருட்டி மூடிடுவான். வருஷா வருஷம் இதே கதை. முடிஞ்சதும் எல்லாரும் வந்து கையக் குடுத்துட்டு, பரவால்ல அல்பேரு, ம்பாங்க. அந்தப் பரவால்ல இருக்கே பாய், அதுக்குப் பதிலா திட்டிட்டே போயிடலாம்.

நான் சொல்லுவேன், பல்லு பாய், பல்லு. சந்துல காத்து போயிடுது. இந்தப் பல்லு மட்டும் சேந்து இருந்துச்சுன்னா சிவநாதன் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கயிறு இழுக்கட்டும், நான் புடிப்பேன்னு. யாரு கேட்டாலும் சொல்லுவேன். டீக்கடையில சொல்லுவேன். கடைக்கு பல்பு வாங்க வர்றவங்ககிட்ட சொல்லுவேன். ஊருக்கே தெரியும், அல்பேருக்குப் பல்லு மட்டும் சரியா இருந்தாப் போதும்னு.

எங்க அக்கா ஆர்லெத்துகிட்டயும் சொன்னேன். அது பாரிஸ் பக்கம் இருக்கு. லீவுக்கு வந்தப்ப கேட்டுச்சு, சரி அப்ப கம்பி போட்டுக்கறதுதானடான்னு. அக்கா, எனக்கு வயசாச்சுக்கான்னேன். எங்க ஆபீஸ்ல ரிட்டயர் ஆவப்போற பொம்பள போட்டிருக்கு, வாடான்னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, இதே நாற்காலியில, நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க, இதுலதான் உக்கார வச்சுச்சு. சின்னப் புள்ளைய மொட்டையடிக்கக் கூட்டியாந்த மாதிரி. ரத்தப் பாசம் பாய், ஒண்ணும் பண்ண முடியாது.

போட்டதுலேருந்து கெட்டுச்சு. போன வருஷம் ஜூலை பதினாலுக்கு என்ன ஆச்சுன்னா, மாணிக்கவேல் சொல்றாரு, பாவம், அல்பேருக்கு வாயில கம்பி, இந்தத் தடவ சசி ஊதட்டும்னு. சசின்னா சசிதரன், எங்க ரெண்டாவது டிரம்பெட். மண்டபத்தூர் பையன், போட்டுல கடலுக்குப் போறவன். அன்னிக்கும் விடியக் காலம் கரைக்கு வந்து, மீன எறக்கிப் போட்டுட்டு, சட்டைய மாட்டிக்கிட்டே ஓடியாரான். தலையில செதிலு ஒட்டியிருக்கு. வந்து நின்னான். ஊதுனான். புடிச்சான். சிவநாதன் அன்னிக்குன்னு பாத்துக் கயிறு சிக்கி நிக்கிறாரு. இவன் புடிச்சுக்கிட்டே நிக்கிறான். கயித்த அவுத்து, முடிச்ச எடுத்து, மறுபடி இழுத்து, கொடி மேல போச்சு. அப்பதான் விட்டான். மூச்சு கூட வாங்கல. என்னப் பாத்து கேக்குறான், சரியா இருந்துச்சாண்ணேன்னு. பரவால்லடான்னேன்.

எல்லாம் இந்தக் கம்பியாலதான். இது மட்டும் இல்லன்னா... இந்த வருஷமும் பாருங்க, இன்னும் ஒரு வாரம் கூட இல்ல, அக்கா வேற இன்னிக்கு ராத்திரி வந்து எறங்குது, அந்த சுரத்தக் கேக்கணும்னே டிக்கெட் போட்டு வருது. நான் வாயில இரும்ப வச்சுக்கிட்டு...

என்ன? எப்ப கழட்டுவாங்களா? அது... கையால என்னமோ கேக்குறீங்க... கழட்டுறதா? அது வந்து பாய்...

ஈஸ்டர் முடிஞ்சதுமே கழட்டிடலாம்னாரு டாக்டரு. பல்லு எல்லாம் சேந்துடுச்சு, நீங்க பாக்கலாம், சந்து கிந்து ஒண்ணும் இல்ல, நூலு கூடப் போவாது. நான்தான்... அப்ப எனக்குக் காச்சல். அப்புறம் ஒரு சாவு வந்துச்சு, வாசிக்கப் போயிட்டேன். அப்புறம் மழை. மழைன்னா லேசான மழைதான். அப்புறம் டாக்டரு போன் பண்ணாரு, நான் எடுக்கல. அக்கா பாரிஸ்லேருந்து டாக்டருக்கே போன் பண்ணிடுச்சு. இன்னிக்கு தமிழரசிதான் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டு, உள்ள போறேனான்னு நின்னு பாத்துட்டுப் போறா.

அப்படிப் பாக்காதீங்க. நீங்க இன்னும் கொஞ்ச நேரத்துக்குப் பேச முடியாது, அதான் சொல்றேன். வாயில கம்பி இருக்கற வரைக்கும், நான் ஊதலன்னா, பாவம் கம்பி. கம்பியக் கழட்டிட்டு, பல்லும் சேந்து போயி, அப்புறமும் பாதிக் கம்பத்துல ம்மேன்னுச்சுன்னா... அப்ப யாரச் சொல்றது? சொல்லுங்க. பல்லும் இல்ல, கம்பியும் இல்ல. மிச்சம் நான் மட்டுந்தான்.

இந்தா, அந்தப் பொண்ணு கூப்புடுது. வரேம்மா, ரெண்டு நிமிஷம்.

அதுக்காக கம்பி மேல பழியப் போடுறேன்னு நெனக்கிறீங்க. புருவத்தத் தூக்குறீங்க. நெசமாவே வராது பாய். கம்பியோட அந்த சுரம் வரவே வராது. இருங்க, காட்டுறேன். பொட்டியத் தொறக்க என்ன நேரம் ஆவப்போவுது. கேட்டுட்டு நீங்களே டாக்டருகிட்ட சொல்லுங்க, பேச முடியலன்னா கையக் காட்டுங்க, இந்த ஆளு பொய் சொல்லலன்னு. கண்ண மூடிக்கிட்டுதான் ஊதுவேன். ஒடயற எடம் வரும், நல்லா கேளுங்க. ம்மேன்னு வரும். மெழுகு கூட வைக்கல.

...

பாய்.

கண்ணத் தொறக்கல இன்னும். கேட்டீங்களா? எங்கயாவது ஆடுச்சா? ஒடஞ்சுதா? சிவநாதன் ரெண்டு கொடி ஏத்தியிருக்கலாம். உதடு கிழிஞ்சுடுச்சு, உப்புக் கரிக்குது, கரிக்கட்டும். பாய், கம்பியோட வந்துச்சு பாய். அப்ப இத்தன வருஷமா அந்த சந்து... சரி, அத விடுங்க. நீங்க கேட்டீங்கல்ல, அது போதும். நீங்கதான் சாட்சி.

பாய்?

ஏம்மா, இங்க ஒருத்தரு பஞ்ச கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே, எங்க? நான் பொட்டியத் தொறந்ததுமே எந்திரிச்சுப் போயிட்டாரா? முழுசா கேக்காமயா? அந்தா ஆட்டோல ஏறுறாரு. பாய்... லத்தீப் பாய்... அரை மணி ஆயிடுச்சு, பஞ்சத் துப்பிடலாம், துப்பிட்டு யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போங்க பாய்...

போயிட்டாரு.

நீயாவது கேட்டியாம்மா? ...நாகப்பட்டினம் பஸ்ஸு ஹார்னுன்னு நெனச்சியா. டாக்டரு கேட்டிருப்பாருல்ல? ...உள்ள மிஷின் ஓடுச்சா.

வரேன், வரேன். ஓடிட மாட்டேன். இல்லம்மா, பொட்டிய இங்க வைக்கல, கையிலயே இருக்கட்டும். கழட்டட்டும், எல்லாத்தையும் கழட்டட்டும். கழட்டுனதும் இன்னொரு தடவ ஊதுறேன். நீ மொதல்ல உள்ள போயி அந்த மிஷின நிறுத்தச் சொல்லு.