வெளுத்த குரோட்டன்ஸ்

எனக்குச் செடிகொடிகள்மேல் எந்த விரோதமும் கிடையாது. கீரை தினமும் சாப்பிடுகிறேன்.

என் மனைவி பழனாத்தாள் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் கொண்டுவந்து படுக்கையறை ஜன்னலோரம் வைத்தாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தது. அப்போதே எச்சரித்தேன். ராத்திரியில் செடிகளும் நம்மைப் போல மூச்சு விடும், கெட்ட காற்றைத்தான் வெளியே தள்ளும். சலூனில் கிடந்த ஒரு வாரப் பத்திரிகையில் படித்த விஞ்ஞானம் இது. அடுத்த பக்கத்தை யாரோ கிழித்திருந்ததால் முடிவு தெரியவில்லை. தேவையும் படவில்லை.

"ஏனுங்க, இத்தனூண்டு செடி நம்மள என்னங்க பண்ணிப்போடும்?" என்றாள்.

விடிந்ததும் எனக்கு இருமல். எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்த பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் கட்டிலடியில் இருந்தது உண்மைதான். ஆனால் அது சரக்கு. சரக்கு மூச்சு விடாது.

எழுந்ததும் அவள் செடியிடம், "தூங்குனியா கண்ணு?" என்று கேட்பாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படி விசாரித்ததில்லை. அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. காற்றுக்காகத்தான் செய்தேன்.

அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பனியன் துணியை நனைத்து இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மீதியை வேரில் ஊற்றினேன். மெதுவாகத்தான் துடைத்தேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாக வேண்டிய செடி, சாகாமல் வெளுத்தது.

"ஊட்டிப் பூங்காவுலகூட இப்பிடி வெள்ளக் குரோட்டன்ஸ் பாத்ததில்லீங்கக்கா," என்று பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் கன்னத்தில் கைவைத்தாள். அப்புறம் எங்கள் ஊர் நல்லூரே வரிசையாக வந்து என் படுக்கையறையைப் பார்த்துவிட்டுப் போனது.

எனக்கு உறுத்தியது வேறு. அந்த வெள்ளையில் ஒரு பழுப்பு இருந்தது. வெளுத்த துணியைச் சொட்டு நீலத்தில் முக்காமல் ஒருநாளும் நான் கம்பெனியை விட்டு அனுப்பியதில்லை. கை சும்மா இருக்கவில்லை. நீலத்தைக் கரைத்து ஒவ்வோர் இலையையும் ஒரு முக்கு முக்கி எடுத்தேன். என்ன வெண்மை!

சாயந்திரம் பழனாத்தாள் இலையைப் பார்த்தாள். பிறகு என் நகக்கண்களைப் பார்த்தாள்.

"வெளுப்புத்தான் தானா வந்துதுன்னு நெனச்சனுங்க. நீலமும் தானா வருமுங்களா?"

செடி மறுநாள் செத்தது. ஆமாம், கொன்றது நான்தான்.

அவள் தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டாள். "நம்மூட்டுல இங்கதானுங்க காத்து நல்லா வருது," என்றாள், கிளைகளைப் பார்த்து.

இப்போது அறை நிறையச் சுத்தமான காற்று, முழுக்க எனக்கே. இருமல் மட்டும் நிற்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அவளை நினைத்தால்தான் கவலை. அத்தனை சின்னத் தொட்டியே அவ்வளவு கெடுதல் என்றால், இது எவ்வளவு பெரிய மரம்! நேற்று அதையும் கண்ணு என்று கூப்பிட்டாள்.

அவள் உடம்பு முக்கியம். மரம் வெட்டும் அங்கமுத்துவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.