‘இஸ்’ எண்டா இரிக்கான்

பாலம்மா: மை... சன்... நேம்...

சுஹறா: மை சன்ஸ் நேம். நடுவுல ஒரு ‘ஸ்’ வரும்.

பாலம்மா: அந்த ‘ஸ்’ என்னத்துக்கு?

சுஹறா: ‘மகன்ட பேர்’ எண்டு செல்றீங்கதானே. அதுல வாற ‘ட’தான் இந்த ‘ஸ்’.

பாலம்மா: ஓ... நம்மட ‘ட’ அங்க போய் ‘ஸ்’ ஆகிட்டுது. மை சன்ஸ் நேம் இஸ் கதிர்காமன்.

சுஹறா: ஆ, சரி! இன்னொருக்கா செல்லுங்க.

பாலம்மா: பொறுங்க தங்கச்சி, இந்த மீன் கூடைய அங்கால வச்சிட்டு வாறன். உங்கட பூனை அதத்தான் பாத்துக்கிட்டு நிக்குது.

சுஹறா: சூ... போ அங்கால! மீன் இன்னும் முடியல்லியா அக்கா?

பாலம்மா: எங்க முடியிற? பாதித் தெருவும் திரியல்ல, இஞ்ச ஓடி வந்திட்டன். மீன நாளைக்கும் விக்கலாம். காணாமப் போன ஆக்கள விசாரிக்கிற வெள்ளைக்காரி வெள்ளிக்கிழமை மட்டும்தானே வாறா.

சுஹறா: அவவோட தமிழ் தெரிஞ்ச ஒராள் வருவார்தானே. நீங்க தமிழ்ல செல்லுங்க, அவர் இங்கிலீசுல மாத்திச் செல்லுவார்.

பாலம்மா: போன முறை வந்த வெள்ளைக்காரனுக்கும் பக்கத்துல ஒரு பொடியன் நிண்டவன்தான். நான் எவ்வளவு கதைச்சன் தெரியுமா? சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்தவன், எழுப்பினானுகள், கை கழுவ விடல்ல, சேட்டுப் போட விடல்ல, நான் ஜீப்புக்குப் பின்னால சந்தி வரைக்கும் ஓடின... எல்லாம் சொன்னன். அந்தப் பொடியன் திரும்பி ரெண்டு சொல்லு சொன்னான். ரெண்டே ரெண்டு! வெள்ளைக்காரன் தலைய ஆட்டிப்போட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டான்.

சுஹறா: ‘சன் மிஸ்ஸிங்.’

பாலம்மா: அதுதான். அத மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வந்து உங்கக்கிட்டக் கேட்டன். ‘மகனக் காணல்ல’ எண்டு நீங்க சொன்னீங்க. அவ்வளவுதானா? நான் ஓடினது அதுக்குள்ள எங்க இரிக்கு?

சுஹறா: அவனுக்கும் எத்தின பேர்ட கதைய மாத்திச் செல்ல இரிந்திச்சோ...

பாலம்மா: பொடியன நான் குறை சொல்லல்ல. இந்த முறை நானே சொல்றன் எண்டுதான் சொல்றன். பிழைச்சாலும் என்ட வாயால பிழைக்கட்டும். சேட்டுக்கு என்ன?

சுஹறா: சேட்டுத்தான்.

பாலம்மா: பகிடி விடாதீங்க.

சுஹறா: வல்லாஹி! இங்கிலீசுலயும் சேட்டுத்தான். கொஞ்சம் நாக்க மடக்கி ‘ஷேர்ட்’ எண்டு செல்லணும்.

பாலம்மா: அட! அப்ப ஜீப்புக்கு?

சுஹறா: ஜீப்புத்தான்.

பாலம்மா: டோச்சு லைட்டுக்கு?

சுஹறா: அதுவும் அப்பிடித்தான்.

பாலம்மா: ஆக்கள அடைச்சு வைக்கிற காம்புக்கு?

சுஹறா: ...காம்புத்தான் அக்கா.

பாலம்மா: அப்ப அண்டைக்கு எங்கட வளவுக்குள்ள வந்ததெல்லாம் இங்கிலீசுதான். பாதிய நான் அப்பவே படிச்சிட்டன்.

சுஹறா: அப்பிடிக் கதைக்காதீங்க...

பாலம்மா: சிரிங்க தங்கச்சி. நான் சிரிக்கத்தானே சொன்ன. முந்தியெல்லாம் நான் வாய் திறந்தா அடுப்படி வரைக்கும் கேக்கச் சிரிப்பீங்க. சரி, ‘கொண்டு போனாங்க’ எண்டதுக்கு?

சுஹறா: தேய் டுக் ஹிம்.

பாலம்மா: தேய் எண்டா ஆரு?

சுஹறா: அவங்க.

பாலம்மா: எவங்க?

சுஹறா: ‘அவங்க’ அக்கா. அதுக்கு மேல பேர் செல்ல வேணாம். ‘தேய்’ எண்டாப் போதும், கேக்கிற ஆளுக்கு விளங்கும்.

பாலம்மா: இங்கிலீசும் நம்மளப் போலதான். பேர் சொல்லப் பயந்துக்கிட்டு ஒரு சொல்லு வச்சிரிக்கு.

மீராசாஹிபு: சுஹறா! ஆரு உள்ள?

சுஹறா: பாலம்மாக்கா வந்திரிக்கா. நீங்க என்ன, சவளக்கடை வயலுக்குப் போன கையோட வந்திட்டீங்க?

மீராசாஹிபு: தண்ணி திறக்கல்ல. வந்திட்டன்.

பாலம்மா: சுகமா போடியார்?

மீராசாஹிபு: ம்... சுகம். இரிங்க, இரிங்க. எழும்ப வேணாம்.

பாலம்மா: சூடை மீன் கிடக்கு போடியார். விடியத்தான் கரைக்கு வந்த. ஒரு கை அள்ளி வைக்கட்டா?

மீராசாஹிபு: வேணாம். இப்ப நான் மீன் திங்கிறல்ல.

பாலம்மா: நீங்களா? மீன் ஆணம் இல்லாட்டி சோத்துக் கோப்பையத் தள்ளி வைக்கிற ஆளாச்சே!

மீராசாஹிபு: வயிறு சரியில்ல... சுஹறா, ஒருக்கா இஞ்சால வா.

சுஹறா: இந்த வசனத்த முடிச்சிட்டு வாறன். வெள்ளிக்கிழமைக்கு நாள் இல்லதானே.

மீராசாஹிபு: கட்டாயம் போகத்தான் போறீங்களா பாலம்மா?

பாலம்மா: போகாம?

மீராசாஹிபு: ஆரு போற, ஆரு வாற எண்டு மூலைக்கு மூலை பாத்துக்கிட்டு நிப்பானுகள். இன்னொரு பொடியனும் உங்களுக்கு வீட்ட இரிக்கான்.

பாலம்மா: அவன தமக்கைக்காரிட வீட்ட அனுப்பிட்டன், திருக்கோவிலுக்கு. இனி என்ட வீட்ட நானும் அந்த மனிசனும்தான். அவரும் கடலுக்குப் போறல்ல. தோணிய மண்ணுல கவிட்டுப் போட்டு, அதுல சாஞ்சுக்கிட்டு இரிக்கார். எங்களக் கொண்டு போய் என்ன செய்யப் போறானுகள்?

மீராசாஹிபு: ...உங்கட மனிசன் கோணாமலை கதைக்கிறானா?

பாலம்மா: ஆரோட கதைக்கிற? நீங்களும் இப்ப கரைப் பக்கம் வாறல்ல. வந்தா உங்களோடயாவது ரெண்டு சொல்லுக் கதைப்பார்.

மீராசாஹிபு: வாறன்... ஒரு நாளைக்கு வாறன். நான் உள்ள இரிக்கன் சுஹறா.

பாலம்மா: என்ன தங்கச்சி, போடியார் என்ட முகத்தப் பாக்காமலே கதைச்சிட்டுப் போறார்?

சுஹறா: அவருக்கு வயல் யோசினை. இந்தப் போகம் தண்ணிச் சண்டை. சரி, விடுங்க. நான் இப்ப வெள்ளைக்காரி. நீங்க எனக்கு முன்னால வந்து இரிக்கிறீங்க. குட் மோர்னிங்!

பாலம்மா: குட் மோர்னிங் துரைசானி.

சுஹறா: துரைசானி இல்ல! மெடம்.

பாலம்மா: குட் மோர்னிங் மெடம். ஐ அம் பாலம்மா.

சுஹறா: ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?

பாலம்மா: இது என்ன கேள்வி?

சுஹறா: ‘நான் உங்களுக்கு என்ன உதவி செய்யணும்’ எண்டு கேக்கிறா. அவங்கட வழக்கம் அது. கடையிலயும் அப்பிடித்தான் கேப்பாங்க, ஒபீசுலயும் அப்பிடித்தான் கேப்பாங்க.

பாலம்மா: அதுக்கு மறுமொழி?

சுஹறா: ஐ அம் லுக்கிங் ஃபோர் மை சன். மகனத் தேடுறன் எண்டு.

பாலம்மா: ஐ அம்... லுக்கிங்... ஃபோர் மை சன். நல்ல வசனம் இது. சொல்லக்கொள்ளயே எழும்பி நடக்கணும் போல கிடக்கு.

சுஹறா: ஹவ் ஓல்ட் இஸ் ஹி?

பாலம்மா: வயசு... ஹி இஸ் ட்வென்ட்டி. இந்த ‘இஸ்’ எண்டா இப்ப இரிக்கான் எண்டுதானே தங்கச்சி?

சுஹறா: ஓம். இப்ப.

பாலம்மா: இப்ப எண்டா இந்த நிமிசத்துல?

சுஹறா: ...ஓம்.

பாலம்மா: முந்தி இருந்தான், இப்ப இல்ல எண்டா?

சுஹறா: அது ‘வொஸ்’. அது உங்களுக்குத் தேவல்ல.

பாலம்மா: தேவல்லத்தான். சும்மா கேட்டன்.

சுஹறா: வட் டஸ் ஹி டூ? என்ன வேலை செய்றான் எண்டு கேக்கிறா.

பாலம்மா: தகப்பனோட கடலுக்குப் போறான். வெட்டுக் காலத்துல உங்கட வயலுக்கு வாறான். இதெல்லாம் சொல்லணுமா?

சுஹறா: வயல் கதை வேணாம்! கடல மட்டும் செல்லுங்க.

பாலம்மா: ஏன், வயல் வேலை செய்ற பொடியன் எண்டா இன்னும் நல்லந்தானே? ஆருக்கும் கெடுதி நினைக்காத பொடியன் எண்டு விளங்குமே.

சுஹறா: நீளமாச் சென்னா அவவுக்குக் குழம்பும். ஹி இஸ் எ ஃபிஷர்மன். அவ்வளவுதான்.

பாலம்மா: ஹி இஸ் எ பிசர்மன். சரி... நல்ல பொடியன் எண்டு மட்டுமாவது சொல்லட்டா? தாய் சொன்னா நம்புவாளோ தெரியா. எண்டாலும் சொல்லாம வர என்னால ஏலா. நீங்களும் கண்டதானே தங்கச்சி. உங்கட கிணத்துல வாளி விழுந்தா அவன்தானே இறங்கி எடுக்கிற. உங்கட சரீபுக்கு நீந்தப் பழக்கினது ஆரு? தண்ணியக் கண்டாக் கத்துற புள்ளைய ஆத்துவாய்க்குக் கூட்டிப் போய், தோள்ல வச்சு...

சுஹறா: ஓம் அக்கா... ஓம்.

பாலம்மா: அப்ப ஒரு வசனம் சொல்லித் தாங்க. நல்ல வசனமா.

சுஹறா: ஹி வொஸ் எ குட் போய்.

பாலம்மா: ஹி... வொஸ்... தங்கச்சி.

சுஹறா: பிழை, பிழை! நாக்குப் பிரண்டிட்டு. ஹி இஸ் எ குட் போய். செல்லுங்க... ஹி இஸ்...

பாலம்மா: இவ்வளவு நாளும் ஒருக்காலும் பிரளல்லியே.

சுஹறா: நான் படிச்சு எவ்வளவு காலம் அக்கா. மறந்து போயிட்டு...

பாலம்மா: கண்ணத் துடைங்க.

சுஹறா: அடுப்புப் புகை...

பாலம்மா: அடுப்பு எரியல்ல.

சுஹறா: எனக்கு ஒண்டும் தெரியா. சத்தியமா...

பாலம்மா: சத்தியம் பண்ணாதீங்க. புள்ள குட்டி உள்ள வீடு. நான் ஒண்டு கேக்கட்டா? எங்கட தெருவுலயே இங்கிலீசு மாஸ்டர் இரிக்கார். கலவரத்துக்குப் பிறகு எங்கட ஆக்கள் இந்தப் பக்கம் கால் வைக்கப் பயப்பிடுறாங்க. உங்கட ஆக்களும் அந்தப் பக்கம் வாறல்ல. அந்த மாஸ்டரக் கேக்காம, நான் ஏன் இவ்வளவு தூரம் உங்கக்கிட்ட வாறன்?

சுஹறா: மீன் குடுக்கிற வீடு எண்டு...

பாலம்மா: வல்லியம்மைய உங்களுக்குத் தெரியும்தானே. உங்கட சவளக்கடை வயல்ல புல்லுப் புடுங்க வந்தவள். வந்து சொன்னாள், போடியார்ட வயல் முழுக்கப் பச்சை, வாய்க்கால் கரையோட ஒரு மூலை மட்டும் விதைக்காமக் கிடக்காம். சுத்திவர முள்ளு வெட்டிப் போட்டிரிக்காம், மாடு ஏறாம.

சுஹறா: யா அல்லாஹ்...

பாலம்மா: ஒண்டும் விதைக்காத மண்ணுக்கு ஆரு தங்கச்சி வேலி போடுற?

சுஹறா: அக்கா, மெதுவாக் கதைங்க...

பாலம்மா: நான் மெதுவாத்தான் கதைக்கிறன். அதக் கேட்டதுக்குப் பிறகுதான் இங்கிலீசு படிக்க இஞ்ச வந்த நான். அங்க கிடக்கிறது அவனா எண்டு நேராக் கேக்கப் பயம். கேட்டா ‘ஓம்’ எண்டிருவீங்க. நீங்க ‘ஹி இஸ், ஹி இஸ்’ எண்டு சொல்லித் தரக்கொள்ள... அதக் கேக்கத்தான் வந்த. தெரிஞ்ச ஆள் ‘இஸ்’ எண்டா, இரிக்கான்தானே? அத வச்சுக்கிட்டு வீட்ட போவன். அண்டைக்கு ராவு கொஞ்சம் கண் மூடும்.

சுஹறா: என்ன மன்னிச்சிருங்க அக்கா... என்ன மன்னிச்சிருங்க...

பாலம்மா: நீங்க என்ன செய்த? இன்னும் ரெண்டு நாள் சொல்லித் தந்திருந்தா, நான் இன்னும் ரெண்டு நாள் நம்பியிருப்பன். அவ்வளவுதான்.

மீராசாஹிபு: சுஹறா. நீ உள்ள போ.

சுஹறா: நான் போகல்ல. எத்தின நாளைக்கு இப்பிடி? இந்த மனிசிட முகத்தப் பாத்து எத்தின நாளைக்கு...

மீராசாஹிபு: வாய மூடு! தெருவுக்குக் கேக்கும்...

பாலம்மா: போடியார். நான் வெள்ளிக்கிழமை போனாலும் உங்கட பேர் என்ட வாயில வராது. வயல் எண்டும் வராது. வாய்க்கால் எண்டும் வராது. உங்களுக்கும் புள்ளைகள் இரிக்கு. எனக்கு அது விளங்கும்.

மீராசாஹிபு: பாலம்மா, நான் காணக்கொள்ள வாய்க்கால்ல அவன்...

பாலம்மா: ஆரு செய்த, எப்பிடிச் செய்த எண்டு நான் கேக்கல்ல. அத உங்கக்கிட்டக் கேட்டு என்ன? எங்கட ஆக்கள் தெக்கால தலைய வச்சுத்தான் அடக்குற. உங்கட ஆக்களுக்கு வேற முறை. அந்த மனிசன் கேப்பார். ஒண்டும் கதைக்காட்டியும் இத மட்டும் கேப்பார். எந்தப் பக்கம் போடியார்? இங்கிலீசு வேணாம், தமிழ்ல சொல்லுங்க.

மீராசாஹிபு: தெக்காலதான்... உங்கட முறை எனக்குத் தெரியா. வேலைக்கு நிண்ட உங்கட ஆள் ஒராளக் கேட்டுத்தான் வச்ச நான். விரிக்க ஒண்டும் இரிக்கல்ல, என்ட தோள்ல கிடந்த சால்வையத்தான் விரிச்ச. வெறும் மண்ணுல வைக்கல்ல, பாலம்மா.