ரெண்டு தட்டு தட்டினால் திறக்கும்

– அத்தை, கையில இருக்கறதை வச்சுட்டுக் கேளுங்க. அந்தப் பஸ் டிரைவர் பேசிட்டாராம்.

– எந்த டிரைவர்? பக்கவாதம் வந்து பேச்சு போச்சே, அவரா?

– அவரேதான். அவர் சம்சாரம் இப்பதான் கிளினிக்குக்குப் போன் பண்ணாங்க. நாம அனுப்பின பேச்சுப் பயிற்சியைத் தினமும் கம்ப்யூட்டர்ல போட்டு, அவரை முன்னால உக்கார வச்சிருக்காங்க. நேத்து சாயங்காலம் விடாம 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை'ன்னு சொல்லவும், மனுஷன் 'போதும்'னுட்டாராம்.

– முதல் வார்த்தையே 'போதும்'தானா?

– ஆமா. அந்தம்மா அழுதுக்கிட்டே சிரிக்கறாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அவர் வாயால கேட்டதுலயே நல்ல வார்த்தை அதுதானாம்.

– இந்தா பாரு, அதெல்லாம் உன் பயிற்சி. உதட்டை எப்படிக் குவிக்கணும், நாக்கை எங்க வைக்கணும்னு வீடியோவுல நீயே நின்னு காட்டியிருக்கியே. அந்தப் பொறுமை யாருக்கு வரும்?

– பயிற்சி என்னோடதுதான். ஆனா நான் அனுப்பினப்ப அது போய்ச் சேர்ந்த லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்சுது. படம் இருக்க வேண்டிய இடம் வெள்ளை. வீடியோ இன்டர்நெட் கேட்டுது, அவங்க வீட்ல அது மெயில் பாக்கற அளவுக்குத்தான் வரும். போதாக்குறைக்கு 'இதைத் திறக்க வேற சாஃப்ட்வேர் வேணும்'னு வேற. சத்தியமா, அந்தம்மா தன் மேலதான் தப்புன்னு நினைச்சு எனக்குப் போன் பண்ணவே கூச்சப்பட்டாங்க.

– அதைக் கேட்டுத்தான் எனக்குப் பொறுக்கல. ஆபீஸ்ல டைப் அடிச்ச காலத்துல இப்படித்தான் நடக்கும். கடிதம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும், கூடப் போக வேண்டிய காகிதம் மேஜையிலயே கிடக்கும். அதனால நான் எல்லாத்தையும் ஒரே உறையில போட்டு ஒட்டிட்டுத்தான் நாற்காலியை விட்டே எழுந்திருப்பேன்.

– அதையே கம்ப்யூட்டர்லயும் பண்ணிட்டீங்க.

– நான் எங்க பண்ணேன்? அதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. உன் பாடம், படம், வீடியோ, தமிழ் எழுத்து, அதையெல்லாம் திறந்து காட்டற புரோகிராம், அத்தனையும் சேர்த்து தானா ஓடற ஒரே ஃபைலாக் கட்டிக் குடுத்துடுது. வாங்கறவங்க எதையும் ஏத்திக்க வேண்டாம். ரெண்டு தட்டு தட்டினா அதுவா விரிஞ்சு நிக்கும்.

– எவ்வளவு லேசா சொல்றீங்க. முதல்ல கட்டினது இங்க ஜம்முனு ஓடிச்சு, அங்க மூச்சு முட்டி நின்னுடுச்சு. மறந்துட்டீங்களா?

– வீடியோ ரொம்பக் கனம். அதனாலதான் அதைக் குறைச்சு, ஜெராக்ஸ் கடைக்காரர் மூலையில போட்டு வச்சிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு எடுத்துட்டுப் போனேன். அதுல ஓடினா எங்கயும் ஓடும்.

– அப்புறம் மெயில் அதை வாசல்லயே நிறுத்திடுச்சு.

– மெயில் பண்ணது சரிதான். முன்பின் தெரியாதவன் அனுப்பற, தானா ஓடற ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? வேற யார் குடுத்தாலும் திறக்காதீங்கன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லித்தான் வச்சிருக்கேன்.

– அதுக்காக பென் டிரைவ்ல போட்டு அனுப்பிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போன் போட்டீங்களே அத்தை. ஃபைல் பேரைச் சொல்ல ஒரு நிமிஷம், சுகம் விசாரிக்க மத்தியானம் முழுக்க.

– குரல் தெரிஞ்சாத்தானே நம்பித் தட்டுவாங்க.

– இப்ப பெரிய ஆஸ்பத்திரியிலேருந்தும் கேட்டிருக்காங்க. அவங்க பயிற்சியெல்லாத்தையும் இதே மாதிரி கட்டித் தர முடியுமான்னு. நேர்ல வந்து எப்படின்னு காட்டச் சொல்றாங்க.

– நீ போய்க் காட்டு.

– எனக்கு என்ன தெரியும், நீங்கதான் வரணும். 'இதைப் பண்ணது யாரு?'ன்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க. 'என் மாமியார்'னு சொன்னேன்.

– அப்படியேவா சொன்னே?

– வேற எப்படிச் சொல்ல? சொல்லிட்டு அப்புறம்தான் யோசிச்சேன், நாளைக்கப்புறம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குமோ என்னமோன்னு.

– நாளைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்களாம்?

– காலையிலயே. ஜட்ஜ் ஒரு கையெழுத்துப் போட்டா உங்க புள்ளைக்கும் எனக்கும் தீர்ந்துடும். நீங்க கோர்ட்டுக்கு வராதீங்க அத்தை. அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதிர்ல என்னைப் பாக்கறது உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

– வராம எப்படி? அவன் பசி தாங்க மாட்டான், சாப்பாடு கட்டி எடுத்துட்டு வரணும். அதைக் குடுத்துட்டு, உன் பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்.