போணிக்குப் போட்ட காசு

ஹலோ… ஹலோ, யாரு?… முத்துகிருஷ்ணன் அண்ணாச்சியா! சத்தமா பேசுங்க, மீன் கடை ஐஸ் பெட்டிக்குள்ள தலைய வுட்டுகினு கீறேன்… பட்டினப்பாக்கம், பட்டினப்பாக்கம்… ஆமா, மெக்கானிக் அறிவுதான் பேசறேன். பின்ன மீனா பேசும்?…

சொல்லுங்க. உங்க நகைக் கடை சோடா மெஷின் இன்னா பண்ணுது?… ம்… ம்… பத்து ரூபா காசு போட்டா சோடா வருது, மீதி அஞ்சு ரூபா வரல. அவ்ளோதானே?… சரி சரி, அவ்ளோதான் இல்ல, பெரிய விஷயம்தான். கோச்சுக்காதீங்க…

தெரியும், தெரியும், இன்னிக்கு அட்சய திருதியை. நகைக் கடையில கூட்டம் இல்லாம இன்னா பண்ணும்?… ரோடு வரைக்குமா? நல்லதுதானே… வர்றதா? எப்டி வர்றது? இன்னிக்கு உஸ்மான் ரோட்ல எறும்பே எறங்கி நடந்துதான் போவும்…

ஃபோன்லயே பண்ணலாம் அண்ணாச்சி. நாலு வருஷம் தரமணியில நைட் ஷிஃப்ட்ல ஒக்காந்து, அமெரிக்காக்காரனுக்கு ஃபோன்லயே ப்ரிண்டர் சரி பண்ணிக் குடுத்தவன் நான். தூக்கம் போச்சு, வேலையும் வுட்டாச்சு, அந்தப் பொறுமை மட்டும் கொஞ்சம் மிச்சம் கீது. அதையும் இன்னிக்கே காலி பண்ணிடாதீங்க…

மொதல்ல ஒண்ணு. மெஷினத் தட்டுனீங்களா?… இல்லன்னா, இப்போ 'டொம்'முனு கேட்டுச்சே, அது இன்னா?… வாட்ச்மேனா. அவரத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அது எழுபத்தெட்டுல செஞ்ச மெஷின். உங்க பெரிய பையனுக்கு மூத்தது. பெரியவங்கள அடிக்கலாமா?…

சாவி எடுங்க. கதவத் தொறங்க… பாட்டில் கதவு இல்ல, பக்கத்துல சின்னது… ஆ, அதான். காசு போற வழியில ஒரு காந்தம் கீதா? அதுல ஏதாவது ஒட்டிகினு கீதா?… மூணு ஒரு ரூபாயா? எவனோ போட்டுப் பாத்துக்கீறான். எடுத்துருங்க. இரும்புக் காசு போட்டா காந்தம் புடிச்சுக்கும், அந்த மெஷினுக்கு அது கள்ளக் காசு. நான் மாத்தி வெச்சபடி மஞ்சக் கலர் அஞ்சு ரூபா, பத்து ரூபா, அது ரெண்டுதான் உள்ள போவும்… ஆமா, பாதிக் கடைக்காரன் செல்லாதுன்னு சொல்ற பத்து ரூபா காச அது வாங்குது. அதுக்கே நீங்க அதுக்கு மாலை போடணும்… காலைலயே போட்டுட்டீங்களா? நெசமாவா?… சரி.

இப்போ காந்தத்துக்குக் கீழ… ஹலோ? அண்ணாச்சி? யாரத் திட்டறீங்க?… கவுண்டர்ல நிக்கற ரத்னாவையா? இன்னா பண்ணா?… இருங்க, இருங்க, மெதுவா… ஒரு பவுன் காசு காணோமா! யாரோடது?… மைலாப்பூர் சீதாம்மாவோடது. ம்… முன்னாடியே புக் பண்ணது. இன்னிக்கு காலைல சாமி பாதத்துல வெச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க. ம்… இப்போ வந்து நிக்கறாங்க, பூஜைத் தட்டுல காசு இல்ல. தட்டத் தூக்கிகினு வந்தது ரத்னா. ம்.

வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகு காலம், தெரியும். இப்போ பத்தடிச்சு பத்து நிமிஷம்… வேற காசு எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே?… சாமி பாதத்துல இருந்த அதே காசுதான் வேணுமாமா? சரி, அது அவங்க இஷ்டம்.

இன்னாது?… திரும்ப சொல்லுங்க.

…அவ பையக் கொட்டிப் பாக்கப் போறீங்க. அத்தினி பேருக்கு முன்னால.

அண்ணாச்சி. உங்க கடையில பன்னெண்டு பேரு வேலை செய்றாங்க. இன்னிக்கு இதுவரைக்கும் எத்தினி பையக் கொட்டுனீங்க?… ஒண்ணுகூட இல்ல. அப்போ இவள மட்டும் ஏன்?… "அந்தப் பொண்ணு இருக்கற எடம்"னா? முழுசா சொல்லுங்க. பெரும்பாக்கம்தானே? ஆத்தோரம் இருந்த குடிசையப் பேத்து எங்கள அங்க கொண்டு போய் போட்டது கவுருமெண்டு. நாங்களா கேட்டோம்? அதே ப்ளாக்குல அவ நாலாவது மாடி, நான் ரெண்டாவது. நான் சொல்லித்தான் அவள வேலைக்கு எடுத்தீங்க. அவ பையக் கொட்டுனா என் பையையும் கொட்டுன மாதிரி. அப்புறம் அந்த மெஷினுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. மெட்ராஸ் முழுக்கத் தேடுங்க. அதப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான், அவன் இப்போ மீன் பெட்டியில கீறான்.

…ஆங். அஞ்சு நிமிஷம் குடுங்க. சில்லறை கேட்டுக் கூட்டம் கத்துதில்ல? மொதல்ல அத முடிப்போம். அதுவரைக்கும் அவ பை மூடியே கெடக்கட்டும்.

காந்தத்துக்குக் கீழ நேரா ஒரு கொழா கீதா? போடற அஞ்சு ரூபாயெல்லாம் அதுலதான் அடுக்கும். மீதி குடுக்கறதும் அதுலருந்துதான்… நீளமா ஒரு கீறல் தெரியுதா? அது வழியா எண்ணுங்க… எட்டா? நான் நாப்பது போட்டுட்டுப் போனேனே?… நேத்து கடை மூடும்போது வழிச்சு கல்லாவுக்கு எடுத்துகினீங்களா. கொழாவக் காலி பண்ணாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்… வுடுங்க. அப்போ அந்த எட்டும் இன்னிக்கு காலைலருந்து விழுந்தது.

அடியில கீற காசுதான் மொதல்ல வெளிய வரணும். வரலன்னா அதான் மாட்டிகிச்சு. டார்ச் அடிச்சுப் பாருங்க… செவப்பாவா?… துருவான்னு எங்கிட்ட கேக்கறீங்க! நகைக் கடை வெச்சிகினு. பித்தளைக்குக் களிம்பு புடிச்சா பச்சையால்ல வரும்? கண்ணாடி போட்டுகினு பாருங்க… காலைலருந்து காணோமா? சரி, ரத்னாவப் பாக்கச் சொல்லுங்க… வேணா, வேணா. அவ கிட்டயே வர வேணா. வாட்ச்மேன் பாக்கட்டும்… இன்னா சொல்றாரு?… குங்குமம். ம்… சந்தனமும் கீதா? காஞ்சு போயி?… ம்ம்ம்.

அண்ணாச்சி, ஒண்ணு கேக்கறேன். மெஷினுக்கு இன்னிக்கு போணி யாரு பண்ணது?… நீங்கதானே. தெனமும் மொத சோடா நீங்கதான். பூஜைத் தட்டுல அஞ்சு ரூபா வெச்சு, பொட்டு வெச்சு, கண்ணுல ஒத்திகினு போடுவீங்க… இன்னிக்கும் அதேதான். கண்ணாடி போட்டுகினா?… சாமி கும்புட எதுக்குக் கண்ணாடி. சரிதான்.

அந்தத் தட்டு எங்க?… எடுத்தாரச் சொல்லுங்க. அதுல இன்னா இன்னா கீது?… வெத்தல. பாக்கு. பூ. ம்… அப்புறம்?… ஒரு அஞ்சு ரூபா காசு. குங்குமம் வெச்ச அஞ்சு ரூபா காசு.

அப்போ காலைல மெஷின்ல இன்னாத்தப் போட்டீங்க?

…ஆமா, அதேதான், சீதாம்மாவோட பவுன் காசு. மூச்சு வுடுங்க. ஒண்ணும் ஆவல. தங்கம் காந்தத்துல ஒட்டாது, அளவும் கிட்டத்தட்ட அதான், மெஷின் ஏமாந்துடுச்சு. கொழா காலியா இருந்துச்சா, நேரா அடியில போய் ஒக்காந்துச்சு. சந்தனம் காஞ்சு புடிச்சிகிச்சு. புடிக்கலன்னா மொதல்ல பத்து ரூபா போட்டவனுக்கு சில்லறையா ஒரு பவுன் போயிருக்கும்… ஆமா, சாமி உங்க பக்கம்தான்.

போணி சோடா வந்துச்சா?… குடிச்சீங்களா?… பன்னீர் சோடா. ஒரு பவுனுக்கு நல்லா ஜில்லுனு இருந்துச்சா?… சிரிக்கலைங்க. இருமல். ஐஸ் பெட்டி.

எடுக்கலாம். நான் சொல்ற மாதிரி எடுக்கணும். ஃபோன ஸ்பீக்கர்ல போடுங்க… போடுங்க அண்ணாச்சி, மணி பத்து இருவது. சீதாம்மாவக் கிட்ட வரச் சொல்லுங்க. ரத்னா எதுத்தாப்புல கையக் கட்டிகினு நிக்கட்டும். அவ தொடக் கூடாது. தொட்டா, அவளே உள்ள வெச்சிட்டு எடுத்தான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். நீங்களே எடுங்க.

வணக்கம் சீதாம்மா, மெக்கானிக் பேசறேன்… உள்ளதான் கீதும்மா, பத்திரமா கீது. எப்டிப் போச்சுன்னு அண்ணாச்சியே சொல்லுவாரு… சொல்லுங்க… கேக்கல… "யாரோ தெரியாம"வா? யாரு?… ஆங். இன்னும் கொஞ்சம் சத்தமா… அப்டி சொல்லுங்க. அங்க யாரு சிரிக்கறது?… சீதாம்மாவா! சிரிங்கம்மா, நல்லா சிரிங்க.

கொழாவோட அடியில எடது பக்கம் ஒரு கொக்கி. தூக்குங்க… அது வலது. சோறு துன்னாத கைப்பக்கம்… ஆ. கொழாவ உங்க பக்கம் சாய்ங்க. கைய ஏந்திக்குங்க… ஏழு விழுந்துச்சா? மிச்சம் ஒண்ண கத்தியால நோண்டாதீங்க, கோடு விழும். ஊதுபத்திக் குச்சியால தள்ளுங்க… மெதுவா… ஆ! சத்தமே வேற. குடுங்க அவங்க கையில… கழுவ வேணாமா? குங்குமத்தோடயே வேணுமா? குடுங்க. ராகு காலத்துக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் கீது.

எங்க போறீங்க? வேலை முடியல. அந்த ஏழையும் போட்டு, கல்லாவுலருந்து இன்னொரு முப்பது போட்டு, கொக்கிய மாட்டுங்க… மாட்டியாச்சா? இப்போ ஒரு பத்து ரூபா காசு போட்டுப் பாக்கணும். உங்க ஜோபியிலருந்து. சோடா ரத்னாவுக்கு… வேலை நேரத்துலதான். போடுங்க… பாட்டில் விழுந்துச்சு… சில்லறை?… கேட்டுச்சு, கேட்டுச்சு! ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு ஃபோன அவகிட்ட குடுங்க.

இன்னா ரத்னா, அழுதியா?… சரி, அழல. கோவம்… அவரு இன்னா சொன்னாரு?… "சரி சரி, போய் வேலையப் பாரு"ன்னா? அது மன்னிப்புல சேராது. நான் வேணா மறுபடியும் ஸ்பீக்கர்ல… நீயே பாத்துகினியா? இன்னா பண்ண?… மீதி விழுந்த அஞ்சு ரூபாய எடுத்து… எல்லாரும் பாக்க அவரு மேசை மேல வெச்சு… "எண்ணிப் பாத்துக்குங்க அண்ணாச்சி"ன்னியா! அடிப்பாவி. ஒரே ஒரு காச!

இப்போ இன்னா பண்றாரு?… இன்னும் கண்ணாடியத்தான் தேடறாரா? எங்கதான் கீது அது?… கயித்தோட முதுகுப் பக்கம் தொங்குதா! நீ எப்போ பாத்த?… காலைலயேவா! சொல்லேன், பாவம்…

சோடாவ முடிச்சிட்டுதான் சொல்லுவியா.

…சரி. மெதுவாவே குடி. வெக்கறேன்.