அசைவு குறைந்த வெள்ளிக்கிழமை

“குனி! கம்பி! கம்பி!”

குனிகிறேன். முப்பத்தேழு வார வயிற்றோடு எவ்வளவு குனிய முடியும்? மண்டியிடுகிறேன். சேறு. தலைக்கு மேலே மின்கம்பி அறுந்து தொங்குகிறது. ஒரு மூங்கில் கழியால் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் என் கணவர் குமரேசன். ஊரிலேயே கரண்ட் இல்லை. தெரியும். இருந்தாலும் பயம். தவழ்ந்து அந்தப் பக்கம் போகிறேன். எழுந்து நிற்கிறேன். வயிற்றில் கை வைக்கிறேன். ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை. காலை ஏழே கால். புயல் ஓய்ந்து ஒரு நாள் ஆகிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து பட்டுக்கோட்டை பதினொன்று. ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை. தென்னை மேல் தென்னையாகக் கிடக்கிறது. போன் செத்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. நடக்கிறோம். என் பிள்ளை அசையவில்லை. அதற்காகத்தான் இந்த ஓட்டம்.

முன்னால் மரம் அறுக்கும் மெஷின் சத்தம். விர்ரென்று ஏறுகிறது. மரத்தில் பட்டதும் தொண்டை கட்டினாற்போல் இறங்குகிறது. யாரோ கத்துகிறார்.

“நெறமாசக்காரி வருது! மெஷின நிறுத்துங்கடா! வழி விடுங்க!”

நிற்கிறது. நாலு பேர் என்னைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்குகிறார்கள். யார் யாரென்று பார்க்கவில்லை. வெட்கப்படுகிற நேரமா அது?

முந்தின நாளைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வியாழன் இரவு முழுக்கக் காற்று. மரம் முறிகிற சத்தம் வேட்டுப் போடுகிறாற்போல் கேட்டது. படீர். கொஞ்சம் நிசப்தம். படீர். எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டேன். பிள்ளை உள்ளே உருண்டது. உதைத்தது. “ஒனக்கும் பயமா இருக்காடா?” என்று கேட்டேன். வெள்ளி காலை ஐந்தரைக்குக் காற்று நின்றது. கதவைத் திறந்தோம். வானம் தெரிந்தது. எங்கள் வாசலில் நின்று அவ்வளவு வானத்தை நான் பார்த்ததே இல்லை. தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது.

குமரேசன் தோப்புக்குள் போய், விழுந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தார். அழவில்லை. கூப்பிட்டால் திரும்பவும் இல்லை.

பத்து மணிக்குக் கஞ்சி குடித்தேன். நான் சாப்பிட்டதும் அது ஆடும். தினமும் ஆடும். வலது விலாவில் ஒரு எத்து, அடிவயிற்றில் ஒரு புரளல். கிராம சுகாதார நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார்: இடது பக்கம் ஒருக்களித்துப் படு, எண்ணு, குறைந்தால் உடனே வா. அன்றும் படுத்தேன். எண்ணினேன். பதினொரு மணி வரை எண்ணினேன். ஒரே ஒரு அசைவு. அதுவும் லேசாக, தூக்கத்தில் காலை இழுத்துக்கொண்டாற்போல்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அதை இன்று மறைக்க மாட்டேன்.

எனக்கு வாய் நீளம். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நிறுத்தத்தில் நிற்காத பஸ்ஸை மறுநாள் மறித்துச் சண்டை போட்டவள் நான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அப்பா என்னைக் காட்டித்தான் சொல்வார். அன்று அந்த வாய்க்கு என்ன வந்தது? பக்கத்து வீட்டுக்குக் கூரை இல்லை. எங்கள் பசு கொட்டகைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. புருஷன் கல்லாய் உட்கார்ந்திருக்கிறார். இந்த நேரத்தில் போய், பிள்ளை கொஞ்சம் குறைவாக அசைகிறது என்று எப்படிச் சொல்வது? கொஞ்சமாம். 

மதியம் ஒரு மணிக்கு அத்தையிடம் மட்டும் சொன்னேன். குமரேசனின் அம்மா. என்னைப் பெற்ற மகளாய் வைத்திருந்தவர். ஐந்து பெற்றவர்.

“தல எறங்கியிருக்கும்டி. மாசம் ஆயிடுச்சுல்ல, உள்ள எடம் ஏது? கடைசில அப்படித்தான் அடங்கும். ஒரு எளநி குடி, தன்னால துள்ளும்.”

இளநீருக்கா பஞ்சம்? தரையெல்லாம் குலைகுலையாகக் கிடந்தது. அவரே சீவிக் கொடுத்தார். குடித்தேன். உள்ளே குளுகுளுவென்று ஏதோ ஓடியது. “அசையுது அத்தை” என்றேன். “நான் சொல்லல?” என்று சிரித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் யாராவது சிரித்தார்கள் என்றால் அது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மணிக்கு இன்னொன்று. மறுபடியும் ஓடியது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சீவினார்கள். தோப்பு போன வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்ள அதுதான் மிச்சம். இருட்டுவதற்குள் ஏழு குடித்தேன். ஏழு தடவையும் அசைந்தது என்று சொன்னேன். அது என் குடலில் ஓடிய தண்ணீர். எனக்கு அசைவு வேண்டியிருந்தது. எதை அசைவென்று சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சனி காலை ஆறரை. விழித்தேன். வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. தட்டினேன். தள்ளினேன். “எந்திரி! எந்திரி!” என்று கத்தினேன். குமரேசன் ஓடிவந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“நேத்தே ஏன்டி சொல்லல?”

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

எட்டே முக்கால். மெயின் ரோடு. சேற்றில் வழுக்கி இரண்டு தடவை விழுந்திருந்தேன். ஒரு டிராக்டர் வருகிறது. குமரேசன் நடுரோட்டில் படுத்துவிட்டார். நிறுத்தினார்கள். பெட்டியில் வைக்கோல் போட்டு என்னைப் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் வயிறு ஆடியது. இதோ, இதோ என்று நினைத்தேன். டிராக்டர் நிற்கும்போது அதுவும் நின்றது.

ஒன்பது ஐம்பது. ஆஸ்பத்திரி. ஜெனரேட்டர் தடதடக்கிறது. நடையெல்லாம் கை ஒடிந்தவர்கள், தலை உடைந்தவர்கள். நர்ஸ் என் வயிற்றைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

“எப்பலேருந்தும்மா அசைவு கம்மி?”

“நேத்து பத்து மணிலேருந்து.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வயிற்றில் பசை தடவினார். ஜில்லென்றிருந்தது. சின்ன மைக் போன்ற கருவியை வைத்தார். கர்ர். நகர்த்தினார். கர்ர். பிறகு டப். டப். டப்.

“கேக்குது! கேக்குது சிஸ்டர்!”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கருவியைக் கவனித்தார். மறுபடி மணிக்கட்டு. இரண்டும் ஒரே வேகம். கேட்டது என் இதயம்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். திரையை அந்தப் பக்கம் திருப்பினார். “இருதயம் நின்னுடுச்சும்மா” என்றார். நேத்தே வந்திருந்தா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லத் தெரியாத அம்மா. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “வந்திருந்தா பாத்திருக்கலாம். பொறக்கிற நிமிஷம் வரைக்கும் கொழந்த அசையணும்மா. எடம் இல்லன்னு அடங்காது.”

பிரசவ வலி வர மருந்து வைத்தார்கள். ஞாயிறு மாலை நாலு இருபதுக்குப் பிறந்தாள். பெண். தலை நிறைய முடி. என் மாமனாரின் மூக்கு. சத்தம் இல்லை.  வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அத்தை அவளை வாங்கித் துண்டில் சுற்றினார். “எல்லாம் என்னாலதான்டி, என்னாலதான்” என்று சுவரில் தலையை மோதிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. அதற்கும் இன்று வருந்துகிறேன். தெரிந்தவள் நான். அவருக்குத் தெரியாது.

வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அது எப்படி ஆடும் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. குறைந்தால் கிளம்புங்கள். அன்றைக்கே. வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் கிளம்புங்கள். இளநீர் வேண்டாம், ஜில் தண்ணீர் வேண்டாம், விடியட்டும் என்று சொல்ல வேண்டாம். போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

அடுத்த வியாழன் புயல் சேதத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். அதில் ஒருவர் வெயிலில் நின்று கேட்டு எழுதினார். குமரேசன் பதில் சொன்னார். மரம்? மாடு? வீடு? கடைசியில் உயிர்ச்சேதம். குமரேசன் தரையைப் பார்த்தார். “இல்லைங்க” என்றார்.

“இருக்கு சார். ஒண்ணு. எழுதிக்குங்க” என்றேன்.

“பேரும்மா?”

“பேரு வைக்கல.”

பேனா நின்றது. உயிரோடு பிறந்திருந்தால்தான் அந்தக் கட்டத்தில் எழுத முடியும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால் நான் எழுதுகிறேன்.

தென்னை, இருநூற்றுப் பன்னிரண்டு. பசு ஒன்று, சினை. மாட்டுக்கொட்டகை. வீட்டு ஓடு, பாதிக்கு மேல். மகள் ஒன்று, இரண்டு கிலோ அறுநூறு கிராம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சனிக்கிழமை காலை ஆறரை வரை, இருபதரை மணி நேரம்.