சாருக்குத் தெரியாத கோடு

உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல எலெக்ட்ரானிக்ஸ் நடத்தறேங்க ஐயா. மத்தியானம் ஆனா பாதி கிளாஸ் தூங்கிடும். எனக்கு அது பழகிப்போச்சு. தூங்கறவன் கேள்வி கேக்கமாட்டான்.

மாதன் என் ஸ்டூடண்ட் இல்ல. வெள்ளிமலைக்கும் மேல மரவள்ளி போட்டுக்கினு இருக்கறவன், பத்தாங்கிளாஸ்கூட தாண்டல. வீடியோ பாத்து வூட்லயே சர்க்யூட் போர்டு பண்றானாம். நெட்ல கெடைக்கிற ஃபைலைப் பிரிண்ட் எடுத்து, செம்பு பூசின அட்டைமேல வெச்சு, இஸ்திரிப் பொட்டியால தேய்ப்பானாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

மொத தடவை என்கிட்ட காட்டக் கொண்டாந்த போர்டு இடம் வலமா மாறிக் கெடந்தது. பசங்க முன்னாடி அதைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சேன். அவனும் கூடவே சிரிச்சான். தன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்கன்னு ஒரு ஆளுக்கு உறைக்க வேணாமா?

அடுத்த மாசம் திரும்ப வந்து நின்னான். கெணத்து மோட்டாரை வூட்லருந்தே போடறதுக்கு ஒரு போர்டு. அவன் பொண்டாட்டி சாலம்மாள் ஒவ்வொரு வாட்டியும் பள்ளத்துல எறங்கிப் போறாளாம்.

"சார், செம்புத் தடம் ஒரு ஃபைல், ஓட்டை ஒரு ஃபைல், அதெல்லாம் புரியுது. இது இன்னா சார், போர்டு ஓரத்த வரைஞ்சிட்டு நடுவுல ஒத்தக் கோடு?"

அந்தக் கோட்டுலதான் போர்டை அறுத்து இடைவெளி விடணும். இந்தப் பக்கம் லைன் கரண்ட், அந்தப் பக்கம் கை படுற சுவிட்ச். அறுக்காம உட்டா, மலை ஈரத்துல என்னிக்காவது கரண்ட் தாவிடும். இத்தனை வருஷத்துல என் கிளாஸ்ல எவனும் இதைக் கேட்டதில்ல. இவனெல்லாம் கேக்கறான்.

"அது ஒண்ணும் இல்லப்பா, உட்டுடு"ன்னேன்.

முடிச்சுக் கொண்டாந்து காட்டவும் செஞ்சான். "நல்லா பாத்துச் சொல்லுங்க சார், எங்கூட்டு பொம்பள தொடுற சாமான்." நல்லாத்தான் பாத்தேன். அறுப்பு இல்ல. "பிரமாதம், மாட்டு"ன்னேன்.

மழைக்காலத்துல சாலம்மாள் ஈரக் கையோட சுவிட்சைத் தொட்டா. போயிட்டா.

விபத்துன்னு நீங்களே எழுதி முடிச்சிட்டீங்க. நானும் வாயைத் தொறக்காம இருந்திருப்பேன். காரியத்துக்குப் போனது தப்பாப் போச்சு. மாதன் என் கையைப் புடிச்சிக்கினு அழுதான். "வருத்தப்படாதீங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்களுக்கும் தெரியாம போச்சு."

எனக்குத் தெரியலயாம். எனக்கு ஆறுதல் சொல்றான் ஐயா, அவன். இப்ப டீக்கடைல, காலேஜ்ல, எங்க போனாலும் அதே பேச்சு: "பாவம், சாருக்கே தெரியல."

இதை எப்படிப் பொறுத்துக்கறது? அதான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். கொலைன்னே எழுதிக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்னு மட்டும் தெளிவா இருக்கட்டும். அப்புறம் மாதனைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டுங்க. என்னைப் பாத்துப் பாவப்பட்டானே, அது எவ்ளோ பெரிய தப்புன்னு அவனுக்குப் புரியணும்.