சேறு எடுத்தவர்

நீங்கள் கேட்ட அந்த லாந்தர் எப்போதும் என் வண்டிப் பெட்டியில்தான் கிடக்கும். காலேஜில் கேலி செய்வார்கள். நாங்கள் கிணறு வெட்டிப் பிழைத்தவர்கள் ஐயா. பாழுங்கிணற்றில் முதலில் விளக்கைத்தான் இறக்குவோம். அணைந்தால் அடியில் மூச்சுவிடக் காற்று இல்லை. வேப்பங்குலையைக் கயிற்றில் கட்டி, மேலும் கீழும் அடித்துக் காற்றைக் கலக்குவோம். மறுபடி இறக்கி விளக்கு எரிந்தால்தான் ஆள் இறங்குவான். கூட வேலை செய்த ஒருவரைப் பறிகொடுத்த பிறகு அப்பா இதைத் தவறவிட்டதே இல்லை.

சங்கரன்கோவிலில் அந்தக் காலேஜ் லேபில் இருபத்திரண்டு வருஷமாக நான் உதவியாள். கோகிலா அங்கே ஆராய்ச்சிக்கு வந்தவள். தாலுகா ஆபீஸ்காரர் மகள். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். காற்றே படாத சேறு வேண்டுமென்று அலைந்தாள். இளையரசனேந்தல் பக்கம் அப்பா கூலிக்கு வெட்டிய கிணறு பாழாய்க் கிடந்தது. தனியாகப் போய், இறங்கி, எடுத்து வந்து கொடுத்தேன்.

அந்தச் சேற்றிலிருந்த பாக்டீரியாவைக் காற்றில்லாத குப்பியில் வளர்த்தாள். பத்து நாளில் அடியில் சிவப்பாகப் படிந்தது.

“இதான் ஹீம், அண்ணாச்சி. நம்ம ரத்தத்தைச் செவப்பாக்குத அதே பொருள். அதை உண்டாக்க நம்ம உடம்புக்கு ஆக்சிஜன் வேணும். இது ஆக்சிஜனே இல்லாம வேற வழியில உண்டாக்குது. அந்த வேலையைச் செய்யுத நொதி காத்துப் பட்டாலே கெட்டுப்போவும்.”

“எங்கப்பாவுக்கு அங்கன கெடந்து ரத்தம் சுண்டுச்சு. இதுக்கு அங்கனதான் ஊறுதாக்கும்.”

சிரித்தாள்.

கட்டுரை அச்சில் வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பேராசிரியர், கூடப் படிப்பவர்கள், நைட்ரஜன் சிலிண்டர் இறக்கும் கம்பெனி. என்னைக் காணோம். சேறு ஒரு பாழுங்கிணற்றிலிருந்து பெறப்பட்டதாம். சேறு தானாக ஏறி வந்த மாதிரி.

“ஐயோ, விட்டுப்போச்சு அண்ணாச்சி. அடுத்ததுல போட்டுருவோம்,” என்றாள்.

ஊசியில் காற்றை இழுத்து, ரப்பர் மூடி வழியாகக் குப்பி குப்பியாக விட்டேன். சேமித்து வைத்திருந்ததிலும் விட்டேன். விஷமில்லை ஐயா, காற்றுதான். நீங்களும் நானும் இழுப்பது. அத்தனையும் செத்தது. அதற்குப் பிறகு எந்தக் குப்பியிலும் சிவப்பு வரவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. திருப்பிச் செய்து காட்டாவிட்டால், பொய் எழுதினாள் என்று பட்டம் கிடைக்காமல் போகும். என்னிடம்தான் வருவாள், அப்போது பெயரைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். வந்தாள்.

“இன்னொரு தரம் சேறு எடுத்துத் தாங்க அண்ணாச்சி.”

“முட்டு மடங்க மாட்டேங்குதும்மா.”

“அப்ப கிணத்தை மட்டும் காட்டுங்க. நானே இறங்குதேன். அதுல என்ன இருக்கு, படிதானே?”

அதில் என்ன இருக்கு என்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிணற்று மேட்டில் நின்று, “உள்ள பயம் ஒண்ணுமில்லையே?” என்று கேட்டாள்.

“பாசி வழுக்கும், பாத்து,” என்றேன். பாசி வழுக்கத்தான் செய்தது. பொய் சொல்லவில்லை. லாந்தர் பெட்டியில் இருந்தது. அவள் கேட்கவில்லை.

அடிக்குப் போனதும், “அண்ணாச்சி, தல சுத்துது,” என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தரம்தான்.

அதன் பிறகு வேப்பங்குலை ஒடித்தேன். முறைப்படி அரை மணி நேரம் அடித்தேன். விளக்கு எரிந்தது. இறங்கினேன். முட்டு வலி பொய்யில்லை. அவளுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. கையிலிருந்த குப்பி உடையவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தபடியே சேற்றைக் கழுத்துவரை அடைத்து, காற்றுப் படாமல் மூடினேன். பிறகுதான் மேலே வந்து ஆள் கூப்பிட்டேன்.

கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். லேபில் அந்தச் சேற்றை வளர்த்த குப்பியில் சிவப்பு வந்துவிட்டதாம். அவள் பெயரில் கட்டுரை போடப் போகிறார்களாம். போடட்டும். சேறு எடுத்தவர் என்று என் பெயரை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மா. ஆறுமுகச்சாமி. இனிஷியலை விட்டுவிடப்போகிறார்கள். அந்தக் கிணற்றை வெட்டியவருடையது அது.